ஆன்டிவைரஸை அணைத்தது யார்

"அட்மின் பாஸ்வேர்டு குடுங்கண்ணா."

கேட்டே விட்டேன். சாவியும் பாஸ்வேர்டும் மட்டும் முதலாளியிடம் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா சொல்லியிருந்தார். அவர் ஓட்டுவதும் இதே முதலாளி தனசேகரின் லாரிதான். சங்ககிரியில் இந்த லாரி ஆபீசில் பில் போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

தனசேகர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் நாள் முழுக்க லாரி ஷெட்டின் காமிராக்கள் ஓடும். அத்தனையும் என் கம்ப்யூட்டரிலிருந்துதான்.

"எதுக்கு அம்மணி?"

"நீங்க அணைச்சு வச்ச ஆன்டிவைரஸைத் திரும்பப் போடறதுக்குங்க."

"அதைப் போட்டா மிசினு நகராது. வண்டி வேகத்தைப் புடிச்சு வைக்க ஸ்பீடு கவர்னர் மாட்டுன கணக்கா. நான் அதையே கழட்டி வீசறவன்."

"நீங்க கழட்டுனது கவர்னர் இல்லீங்க, பிரேக்கு."

கணக்குப் பார்க்கும் கலைமணி அக்கா சிரிப்பை டீயோடு விழுங்கினார்.

வடக்கே லோடு கிளம்பும் டிரைவர்கள் பென் டிரைவில் பாட்டு ஏற்ற என் கம்ப்யூட்டருக்குத்தான் வருவார்கள். வழியில் எத்தனை தாபாவில், எத்தனை மெக்கானிக் கடையில் சொருகியதோ, அதே பென் டிரைவ். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு பாட்டையும் சோதிக்கும். அதுவரை வண்டி கிளம்பாது. தனசேகருக்கு அது பொறுக்கவில்லை, அணைத்துவிட்டார். இன்று காலை வந்து பார்த்தால் வைரஸ் புகுந்து, ஃபோல்டர் எல்லாம் வெறும் ஷார்ட்கட்டாகக் கிடக்கிறது. எங்கள் மெயிலிலிருந்து போனதைத் திறந்த நாமக்கல் தீவனக் கம்பெனியிலும் அதே கதை. லோடு தருவதை நிறுத்திவிட்டார்கள்.

"கொஞ்சம் மெதுவாகும்தான், இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா மிசினைத் தின்னுறது உங்க காமிரா. அதை வேற கம்ப்யூட்டருக்கு மாத்துங்க, எல்லாம் ஓடும்."

"ஏன், காமிராவை மூடிப்போட்டா டீசல் உருவுறவனை உங்கப்பனா வந்து புடிப்பான்?"

"மனுசங்களைக் காவல் காக்க இத்தனை காமிரா. மிசினுக்கு ஒரே ஒரு காவல், அது மட்டும் பாரமாப் போச்சுங்களா?"

"பேர்ல அறிவுன்னு வச்சுக்கிட்டா வந்துருமா? வேலையைப் பாரு."

அப்போது அவர் போன் அடித்தது. தீவனக் கம்பெனி. குரல் அப்படியே வெண்ணெயாக உருகியது.

"சொல்லுங்க சார். நம்ம தப்பு இல்லீங்க. ஆபீஸ்ல அறிவுச்செல்வின்னு ஒரு புள்ள, நம்ம டிரைவர் தீர்த்தகிரி மவ. அதுதான் எதையோ அமுக்கிப்புடுச்சு. நிறுத்திப்போடறனுங்க, நீங்க லோடு விடுங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சும்மாதான் சொன்னேன். அவனுக்கு ஒரு பேரு வேணும். கொஞ்ச நாள் ஊட்ல இரு, அப்பறம் கூப்பிடறேன்."

இந்தச் சுற்றுவட்டாரத்தில் லாரி ஆபீசும் தீவனக் கம்பெனியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். நாளை நான் வேலை கேட்டு எங்கே போனாலும் இந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

"திரும்பக் கூப்பிட்டு, அணைச்சது நாந்தான்னு சொல்லுங்க."

"உங்கப்பன் நாக்பூர்ல நம்ம வண்டியிலதான் இருக்கான். ஞாபகம் வச்சுட்டுப் பேசு."

"டிரைவர் கெடைக்காம உங்க ஷெட்டுல எத்தனை வண்டி நிக்குதுன்னு டிவியில எண்ணிப் பாருங்க. அவரை இறக்கி உட்டா நட்டம் உங்களுக்குத்தான்."

தனசேகர் எழுந்தார். "அடங்குடி!"

கலைமணி அக்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் கைப்பையைத் தோளில் மாட்டினேன். தீவனக் கம்பெனியின் நம்பர் என் போனிலும் உண்டு.

"சார், அறிவுச்செல்விங்க. இப்ப உங்ககிட்ட ஒரு பொய் சொன்னாங்கல்ல, நிஜத்தை நான் சொல்றனுங்க. ஆன்டிவைரஸை அணைச்சது எங்க மொதலாளி தனசேகர். எங்க மெயில் எதையும் தொறக்காதீங்க…"

"ஏய், போனை வைடி!"

வைக்கவில்லை. பேசிக்கொண்டே படியிறங்கினேன்.