நல்ல தண்ணீர்க் குடம்

என் வீட்டுக்காரர் பெயர் பிரைட்டன். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பல் சரக்கை அலுங்காமல் இறக்கி வைப்பார். வீட்டில் ஒரு மக்கு தண்ணீர் மொண்டு வரச் சொன்னால்தான் வம்பு.

அன்று செல்வதுரை சாரின் தலைச்சிலைக்கு அச்சு எடுக்க உட்கார்ந்திருந்தேன். சார் இறந்து வருஷம் திரும்பப்போகிறது. போட்டோ எல்லாவற்றிலும் கண்ணாடி போட்டிருந்தார். கழற்றினால் எப்படி இருப்பார் என்று அவர் மனைவி தேவமணி டீச்சருக்குத்தான் தெரியும். முந்தின நாள் வந்தவர், நான் களிமண்ணில் செய்திருந்த முகத்தில் இடது புருவத்துக்குக் கீழே தன் விரலாலேயே ஒரு பள்ளம் அழுத்தினார். “சின்ன வயசுல விழுந்த தழும்பு ரேச்சல், இங்கனதான்” என்றவர் அழுதுவிட்டார். அச்சு எடுத்தால் அந்த மண் முகம் சிதைந்துவிடும். அச்சு பிசகினால் முகமே போச்சு. டீச்சரை இன்னொரு தடவை உட்காரவைத்து அழவைக்க எனக்குத் தைரியம் கிடையாது.

முதல் பூச்சுக்கான பிளாஸ்டரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலப்பேன். கடைசியில் அச்சை உளியால் உடைக்கும்போது நீலம் தெரிந்தால் முகம் கிட்ட வந்துவிட்டது, கையை அடக்க வேண்டும். நிதானமாகத் தெளித்துத்தான் மூடவேண்டும். அன்று பாதி முகம் தெளிப்பதற்குள் மக்கில் இருந்தது கட்டியாகிவிட்டது.

“ஏங்க, எந்தத் தண்ணிய மொண்டீய?”

“போர்த் தண்ணிதான். நல்ல தண்ணிய மாவுக்கா ஊத்துவாவ?”

எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி. குடத்து நல்ல தண்ணீர் குடிக்க, உலை வைக்க மட்டும். மற்றதற்கெல்லாம் போரில் வரும் உப்புத் தண்ணீர். உப்பு பட்டால் பிளாஸ்டர் சட்டென்று இறுகும் என்று அவருக்கு யார் சொன்னது?

“அட பாவி மனுஷா! சாரக் கெடுத்துட்டீயளே!”

சுரண்டினால் மூக்கும் சேர்ந்து வரும். அப்படியே விட்டுவிட்டு மிச்சத்தை மூடலாம் என்று முடிவெடுத்தேன். பிரைட்டன் நல்ல தண்ணீரைக் குடத்தோடு தூக்கி வந்து வைத்தார். மேலே வெள்ளைப் பூச்சும் பூசி, இறுகியதும் பின்பக்கம் திறந்து மண்ணை எல்லாம் தோண்டி எடுத்தேன். உள்ளே சோப்பு தடவி, திரும்ப மூடி, பிளாஸ்டர் ஊற்றினேன்.

உடைக்கிற அன்று டீச்சர் மக்ரூன் டப்பாவோடு வந்து நின்றார். தண்ணீர் விஷயத்தை நான் சொல்லவில்லை. பிரைட்டன் டப்பாவை வாங்கக்கூட மறந்து சுவரோரம் நின்றார்.

வெள்ளை உதிர்ந்தது. நீலம் தெரிந்தது. அவசரமாக இறுகிய கன்னத்துப் பக்கம் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினேன். அவித்த முட்டைத் தோடு மாதிரி கழன்று வந்தது. கன்னம் வழவழவென்று இருந்தது. மூக்கு முழுசாக இருந்தது. காது மடலில் காற்றுக்குமிழி ஒன்று பரு மாதிரி நின்றது, அதைச் செதுக்கி எறிந்தேன். பிறகு புருவம். பள்ளம் அங்கேயே இருந்தது.

அப்பாடா! உளியைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார் பிரைட்டன். குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு மடக்மடக்கென்று அவரே குடித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டீச்சர் பக்கத்தில் வந்து அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. இந்தத் தடவை அழவில்லை. முகத்தில் ஒட்டியிருந்த நீலத் தூளை முந்தானையால் துடைத்துவிட்டு, வெளியே போய் நேரங்கழித்து வந்தவரைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“எங்க போயிருந்தீய இம்புட்டு நாளும்?”