உப்புக் கரிக்கும் இலை

சனிக்கிழமை மாலைகளில் கிறிஸ்துநாயகம் பூவோடு வரும்போது லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வரிசை வீடுகளின் யன்னல் சீலைகள் ஒருமுறை அசையும். என்னுடையது சற்று முன்னதாகவே அசைந்துவிடும்; பக்கத்து வீடு என்கிற உரிமை. பெண்சாதிக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தறியாத மனிதர் ஓகஸ்டிலிருந்து கிழமை தவறாமல் ஊதாப் பூக்கொத்தோடு வந்தால் நாங்கள்தான் என்ன செய்வது? ஹவுன்ஸ்லோவில் சனிக்கிழமை ஷிப்ட் என்றும், அங்கே ரயில்பாதைக் கரையில் சும்மா பூத்துக் கிடக்கிறது என்றும் பெண்சாதி கிளறிற்றாவிடம் சொல்லியிருந்தார். அவளும் அதை ஜாம் போத்தலில் போட்டு மாதா சொரூபத்துக்கு முன்னால் வைத்துவந்தாள்.

நான் நம்பவில்லை. வேலிக்கு மேலால் அவர்களுடைய உடுப்புக் கொடி எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறுதோறும் அவருடைய நீளக்காற்சட்டை அதில் தொங்கும். எவ்வளவு தேய்த்தும் போகாத சாம்பல்நிறச் சேற்றுக்கோடு ஒன்று அதில் இருக்கும். பொதி ஏற்றி இறக்குகிற வேலையில் சேறு எங்கே? வேறெங்கோ ஒருத்திக்குத் தோட்டம் கொத்திக் கொடுக்கிறார் என்று நானும் முன்வீட்டு எமில்டாவும் தீர்மானித்திருந்தோம். அவள் டூட்டிங்கில் இருக்கிறாள் என்பது எமில்டாவின் கட்சி.

செப்டெம்பர் நடுவில், மாதாவுக்கு முன்னாலிருந்து ஒரு தண்டை உருவிக்கொண்டு வந்தேன். எங்கள் ஸ்டேஷன் பக்கத்துக் கரையில் பூத்திருந்ததில் இன்னொன்று ஒடித்தேன். பழைய சாமான் கடையில் வாங்கிய பூப்புத்தகத்தை விரித்து இரண்டையும் மேசையில் கிடத்தினேன். தூரத்தில் பார்த்தால் அக்கா தங்கச்சி: ஊதா இதழ், நடுவில் மஞ்சள். கிட்டப் பார்த்தால் உறவே கிடையாது. ஸ்டேஷன் பூவுக்கு இதழ் நெருக்கம், இலை மெல்லியது, ஓரம் சுரசுரப்பு. அது அமெரிக்காவிலிருந்து வந்து, தோட்டத்தால் தப்பி, ரயில்பாதை நெடுகக் குடியேறிய சாதியாம். எங்களைப் போலத்தான், கடுதாசி இல்லாத கேஸ். மற்றதுதான் இந்த மண்ணின் சொந்தப் பூ. இதழ் ஐதாக இருந்தது. சில பூக்களில் இதழே இல்லை, வெறும் மஞ்சள் பொத்தான். இலை தடித்து வழுவழுப்பாக, ஒடித்தால் நீர் கசிந்தது. கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில்தான் முளைக்கும் என்றது புத்தகம்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்ல செய்தியை ஆறவிடக்கூடாது.

"கிளறி, உன்ர மனிசன் ஹவுன்ஸ்லோவுக்குப் போகேல்லையடி. இது கிழக்குக் கோடியில, தேம்ஸ் கடலோட சேருற சேத்தில வாற பூ. அங்க ஆர் இருக்கினம்?"

கிளறிற்றா கோபப்படவில்லை. தடித்த இலையில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"உப்புக் கரிக்குது ரஜனியக்கா. எங்கட மன்னார்க் கடற்கரை உமரிக்கீரை மாதிரி." மெதுவாக விழுங்கினாள். "அங்க ஒருத்தரும் இல்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மே மாதம் முள்ளிவாய்க்கால் கடற்கரையிலிருந்து அவருடைய அக்கா இசபெல் கடைசியாகக் கதைத்தது எங்கள் வரிசை முழுக்கத் தெரியும். பின்னால் அலைச்சத்தம் கேட்டதாம், பிறகு லைன் அறுந்துவிட்டதாம். ஓகஸ்ட் பூசையில் இறந்தவர்களின் பெயர்களோடு இசபெல்லின் பெயரையும் வாசித்தபோது, "அக்கா செத்ததை ஆர் கண்டது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு எழும்பிப் போனவர் அவர். அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் முதல் பூ வந்தது.

"கொடியில நீங்கள் பாக்கிறனீங்கள்தானே," என்றாள் கிளறிற்றா. "சேறு எவ்வளவுக்கு இருந்தது?"

வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருத்தி தானாக என்னிடம் கேட்கிறாள்; கையிலிருந்த தண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"முதல்ல கணுக்கால். பிறகு முழங்கால்."

"போன கிழமை?"

"இடுப்பு."

"நான் தேய்ச்சனான்தான். கவனிக்கேல்லை." கையைச் சட்டையில் துடைத்தாள்.

"போகாதேயுங்கோ எண்டு சொல்லன்."

"எத்தினை தரம் வாயைத் திறந்தனான். மச்சாளின்ர பேரை எடுத்தால் அந்தாள் எழும்பி வெளியில போயிடும்."

அந்தச் சனிக்கிழமை விடிய நான் சீலையை விலக்கியபோது கொடி நிறைந்திருந்தது. வேலைக்குப் போடுவது, பூசைக்குப் போடுவது, கலியாணக் கோட்டுசூட்டினுடையது உட்பட அவருடைய காற்சட்டைகள் அத்தனையும் பிழியாமல் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. கிளறிற்றா குசினி வாசலில் ஈரக் கையோடு நின்றாள். கிறிஸ்துநாயகம் சாரத்தோடு, மேலே ஷேர்ட்டும் ஜக்கெட்டும் போட்டுப் புல்லில் இறங்கினார். முதலாவது காற்சட்டையின் காலைப் பிடித்துப் பார்த்தார். விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார். மழை தூறத் தொடங்கியது. அவர் கொடியின் அந்தக் கோடிவரை, ஒவ்வொன்றாக, காய்ந்ததைத் தேடிக்கொண்டே போனார்.