ஓர் அடி குறைந்த திரைச்சீலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் கணினியில் மின்னஞ்சல் அமைத்துக் கொடுக்க வந்தவர், "பாப் வேணுமா, ஐமேப் வேணுமா?" என்று கேட்டார். திருதிருவென்று விழித்தேன். எனக்குப் புரியவைக்க, ஓர் அக்காவும் தம்பியும் நடத்தும் திரைச்சீலைக் கடையில் நடந்ததைச் சொன்னார். அதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மின்னஞ்சல் இன்னும் அமைந்தபாடில்லை.

2

மழை கொட்டிய ஒரு மாலையில் அக்கா ஜன்னலோரம்—

(வேண்டாம். மழையில் தொடங்கினால் யாராவது அழுதே தீரவேண்டும்.)

அக்கா முன்னறையில் ஆர்டர் எடுப்பாள். தம்பி பின்னறையில் தைப்பான். ஆளுக்கொரு கணினி, கடைக்கு ஒரே மின்னஞ்சல் முகவரி, இரண்டிலும் அஞ்சல் எடுப்பது பாப் முறையில். எந்தக் கணினி முந்திக் கேட்கிறதோ அது கடிதத்தை இறக்கிக்கொள்ளும். கடிதங்கள் முதலில் வந்து சேரும் சர்வரில் அது அழிந்துவிடும். (நகலை அங்கேயே விட்டுவைக்கவும் வழி உண்டாம். அதைச் செய்திருந்தால் எனக்குக் கதை ஏது?)

பல் டாக்டர் ஒருவர் 'உயரம் ஏழடி' என்று எழுதினார். அது தம்பிக்குப் போயிற்று. 'மன்னிக்கவும், எட்டடி' என்ற திருத்தம் அக்காவுக்கு வந்தது. அவனும் பார்த்திருப்பான் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. திரை ஓர் அடி குறைந்து தொங்கியது.

"திருத்தம் வந்துச்சே, பாக்கலியாடா?"

"எனக்கு வரவே இல்லக்கா. நீ அழிச்சிட்டியா?"

"நான் எதுக்கு அழிக்கணும்?"

அந்த மாதத்தில் இது மூன்றாவது சண்டை. கடையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அக்கா தம்பிக்கு ஒரு கடிதம் எழுதி, மனசு வராமல், அனுப்பாத கடிதங்கள் கிடக்கும் வரைவுப் பெட்டியில் போட்டு வைத்தாள். அனுப்பியிருந்தாலும் அவனுக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. முகவரி ஒன்றுதானே, அவள் கணினியே அதை முந்திப் பிடித்திருக்கலாம்.

3

(தம்பி இவ்வளவு நல்லவனா என்று எனக்கே சந்தேகம். முந்தைய வரைவில் திருத்தத்தை அவனே அழித்துவிட்டுப் பொய் சொல்ல வைத்தேன். சரிப்படவில்லை, காது சிவந்து மாட்டிக்கொண்டான்.)

எனக்கு இதைச் சொன்ன அதே கணினிக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரும் அழிக்கலம்மா, எல்லாம் இந்தப் பாப் செஞ்ச வேலை. ஐமேப்னா எல்லாம் சர்வர்லயே இருக்கும், ரெண்டு பேரும் பாக்கலாம். உங்க கம்ப்யூட்டர்ல கிடக்கிற பழசையும் சர்வர்ல ஏத்திடவா?"

"ஒண்ணு விடாம ஏத்துங்க" என்றாள் அக்கா. தம்பியைச் சந்தேகப்பட்டோமே என்ற வெட்கத்தில் வந்த தாராளம் அது. வரைவுப் பெட்டியும் சேர்ந்து ஏறும் என்பது அவள் நினைவிலேயே இல்லை.

சற்று நேரத்தில் பின்னறையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. அப்போதுதான் அக்காவுக்கு அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது.

4

முடிவு ஒன்று: தம்பி கத்தரிக்கோலோடு எழுந்து—

(கத்தரிக்கோல் வேண்டாம்.)

முடிவு இரண்டு: அக்கா கடிதத்தை அழிக்கிறாள். ஐமேப்பில் ஒருவர் அழித்தால் இருவருக்கும் அழிந்துவிடும். ஆனால் அவன்தான் படித்துவிட்டானே!

நடந்தது இதுதான். அக்கா அந்த வரைவைத் திறந்தாள். அவள் எழுதியதற்குக் கீழே புதிதாகச் சில வரிகள் இருந்தன.

"சரிக்கா. மிஷின் எனக்கு, அளவு டேப் உனக்கு. ஆனா அந்தக் குறைஞ்ச ஒரு அடி யாரோட பங்கு? டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அதன் கீழேயே பதில் தட்டத் தொடங்கினாள்.

கணினிக்காரர் என் முன்னால் இன்னும் காத்திருக்கிறார். ஐமேப் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கதையும் வரைவாகத்தான் கிடக்கிறது. அக்காவின் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதுங்கள். எதை எழுதினாலும் அந்தத் திரைக்கு ஓர் அடி துணியைச் சேர்த்துவிடுங்கள்.