மிஸிக்கு அளந்த சீற்

கருங்காலிக்குளத்து முன்னேற்றச் சங்கம் பத்மாசனி மிஸிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த சைக்கிள் சீற்றைவிட அகலமான ஆசனம், அந்தக் காலத்து இலங்கையில் பாராளுமன்றச் சபாநாயகர் ஒருவருக்குத்தான் இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர் வீரகத்தி. மேலே பஞ்சு, அதற்கு மேலே சிவப்பு றெக்சின், கீழே லொறிக்குப் போடலாம் போல நாலு ஸ்பிரிங். கூட்டத்தில் முதல் மாலை சீற்றுக்கு விழுந்தது. இரண்டாவதுதான் மிஸிக்கு.

"எங்கட பிள்ளையளைக் கையில ஏந்திற மனிசி. அவா கட்டாந்தரையில இருக்கிற மாதிரி இருக்கலாமோ?" என்று வீரகத்தி கேட்டார். நாற்பது குடும்பங்களும் கை தட்டின.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய அந்தச் சனத்துக்கு, ஒருவரை மதிப்பதென்றால் ஒரே வழிதான். வீட்டிலுள்ள மெத்தை போட்ட கதிரையை இழுத்துத் துடைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து இருத்துவது. அந்த மரியாதையை அப்படியே தூக்கிச் சைக்கிளில் பூட்டிவிட்டார்கள். கதிரையில் இருப்பவர் காலை ஆட்டத் தேவையில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பத்மாசனி செட்டிகுளத்து மருத்துவமாது, சனத்துக்கு மிஸி. வயது முப்பத்தைந்து, வெள்ளைச் சேலை, பொம்பிளைச் சைக்கிள், பிரசவப் பை. கருங்காலிக்குளத்துக்கு ஏழு மைல். புதுச் சீற்றில் ஏறிய முதல் நாளே ஸ்பிரிங் போட்ட சத்தத்தில் மயில்கள் மன்னார்ப் பக்கம் இடம்பெயர்ந்தன. ஒற்றை யானை ஒன்று ஒதுங்கி நின்று வழிவிட்டது. ஒவ்வொரு மரவேரிலும் சீற் அவரைத் தூக்கி எறிந்த உயரத்தில், இரண்டு மைலுக்கு அப்பாலேயே குளத்து நீர் தெரிந்தது. வேடிக்கை அத்தோடு முடிந்தது. சீற்றின் இரு பக்கச் சிறகும் தொடையை அராவின. கொசுவம் ஸ்பிரிங்கில் மாட்டியது. பத்தாம் நாள் ஒரு மைல் ஏறி ஓடினார், ஆறு மைல் இறங்கி உருட்டினார். போய்ச் சேர இரண்டரை மணித்தியாலம்.

வழியெல்லாம் அவர் நினைத்தது நோவை அல்ல, நாகேஸ்வரியை. வீரகத்தியின் ஒரே மகள். முதற் பிரசவத்தில் மாட்டுவண்டி வந்து மிஸியை ஏற்றிப் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. தாயை மட்டுந்தான் மிச்சம் பிடிக்க முடிந்தது. இந்த முறை வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றாள். "மிஸி வந்தாக் காணும்." பத்மாசனியும் அவள் கையைப் பிடித்து, "ஆள் வந்து சொல்லி ஒரு மணித்தியாலத்துக்குள்ள உன்ர பக்கத்தில நிப்பன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அது பழைய சீற் கிழிந்து, சங்கம் புதியதைப் பூட்டுவதற்கு முன்பு கொடுத்த வாக்கு. இப்போது பிரசவ நாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

செட்டிகுளத்தில் சைக்கிள் சாமான் விற்றவர் மஹ்றூப் நானா. கடை வாசலில் வாங்கு போட்டு எப்போதும் ஆறு ஆம்பிளைகள் இருப்பார்கள். பத்மாசனி சைக்கிளை நிறுத்தியதும் ஆறு பேரும் சீற்றைப் பார்த்தார்கள்.

"சீற்றுப் பாக்க வேணும், நானா."

"இதுக்கு மேல அகலமா என்னட்ட இல்லையே, மிஸி."

"ஒடுக்கமா."

மஹ்றூப் நானா அவர் நின்ற நிலையைப் பார்த்தார். வாங்கிலிருந்த ஆறு பேரையும் பார்த்தார். "உள்ள போங்க மிஸி. கடைக்கு நான்தான் முதலாளி, சீற்றுக்கு அவதான்."

அவர் மனைவி ஆசியா உம்மா பிறந்த நாள் முதல் சைக்கிள் ஏறியதில்லை. ஆனால் மதவாச்சிக்கும் மன்னாருக்கும் இடையில் அவர் அளந்து கொடுக்காத சீற் இல்லை. தபால்காரர் இளையதம்பிக்கு அவர் மாற்றிக் கொடுத்த பிறகு, கடிதங்கள் எழுதப்படுவதற்கு முதல் நாளே வந்து சேர்ந்தன என்று பேச்சு. ஆண்களுக்கு அளவெடுக்கும்போது, அவர்கள் இருந்து எழும்பத் தவிட்டுச் சாக்கு மட்டும் திரைக்கு வெளியே போகும். இருந்த தடத்தோடு உள்ளே வரும். எந்தச் சீற் என்ற தீர்ப்பு திரைக்கு உள்ளிருந்து வரும்.

"வாங்க மிஸி. நீங்களா வருவீங்க எண்டுதான் இருந்தன். இடது பக்கம்தான் கூட நோகுது, என்ன?"

"ஆர் சொன்னது?"

"உங்கட முகம். இடது காலை நிலத்தில வைக்கேக்க புளி கடிச்ச மாதிரிப் போகுது. சன்னலால பாக்கிறன்தானே."

ஆசியா உம்மா குசினி அடுப்பருகே இருந்த வாங்கில், தவிடு பாதி நிரப்பிய சாக்கைப் போட்டுத் தட்டி மட்டப்படுத்தினார். பத்மாசனி இருந்து எழும்பினார். உம்மா குனிந்து அந்தத் தடத்தைச் சாதகக் குறிப்புப் போல வாசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது கதிரையில இருக்கிற மிஸி. ஓடுற மிஸி எங்க?"

"விளங்கேல்ல."

"சேலையைத் தூக்கிச் செருகுங்க. கையை முன்னால நீட்டுங்க." உலக்கையைக் குறுக்கே ஹாண்டில் போலப் பிடித்துக்கொண்டார். "இப்ப, பிள்ளை தலை காட்டிட்டுது எண்டு நினைச்சு இரிங்க."

பத்மாசனி நாகேஸ்வரியை நினைத்தார். உடம்பு தானாக முன்னே சாய்ந்தது. எழுந்து பார்த்தபோது பழைய தடம் அழிந்து, அதற்கு முன்னால், நெருக்கமாக இரண்டு சின்னக் குழிகள். உம்மா நாலு விரலும் ஒரு பெருவிரலும் வைத்து அளந்தார்.

"எலும்பு இரண்டும் இங்கதான் இருக்குது. அதுகளுக்கு மட்டும் இடம் குடுத்தாக் காணும். மிச்சமெல்லாம் காலுக்கு இடைஞ்சல்."

கடையிலிருந்து பதினொரு சீற் உள்ளே வந்தது. பத்தை உம்மா தொட்டும் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். பதினொராவது ஒடுங்கிய, மண்ணிறத் தோல் சீற். வெயிலில் மறந்துபோன கருவாடு மாதிரி இருந்தது. விரலால் சுண்டினால் பறை போலச் சத்தம் போட்டது.

"இதிலயோ ஏழு மைல்?" என்றார் பத்மாசனி.

"ஏறிப் பாத்துட்டு என்னை ஏசுங்க."

பின்வளவில் வைத்துப் பூட்டினார்கள். உம்மா எட்டி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, சீற்றின் மூக்கை ஒரு நெல்மணி அளவு இறக்கச் சொன்னார். பத்மாசனி பின் ஒழுங்கையால் ஒரு சுற்றுச் சுற்றிவரப் போனார். தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியான பிறகுதான் வந்தார். கோயில் வரைக்கும் போய் வந்திருந்தார். கால்கள் ஒன்றையொன்று கேளாமல் சுற்றின. சேலை எங்கும் மாட்டவில்லை. தான் எதன்மேல் இருக்கிறோம் என்பதையே பாதி வழியில் மறந்துபோனதை அவர் உம்மாவிடம் சொல்லவில்லை. முகம் சொல்லிவிட்டது.

"நாளைக்குக் கொஞ்சம் கடிக்கும்," என்றார் உம்மா. "நாலாம் நாளும் கடிச்சாத் திருப்பிக் கொண்டு வாங்க, வேற பாப்பம்."

"அது சரி உம்மா. சங்கத்தின்ர சீற்றை என்ன செய்யிறது? கழட்டினா வீரகத்தி அண்ணை என்ர முகத்தில முழிக்கமாட்டார்."

உம்மா சிவப்புச் சீற்றைத் தூக்கிப் பின் கரியரில் வைத்து அழுத்திப் பார்த்தார். "உங்கட பையை இதில இருத்துங்க. உள்ளுக்குப் போத்தல்தானே, குலுங்காது."

மறுநாள் கருங்காலிக்குளத்து வாய்க்கால் கட்டில் வீரகத்தி சைக்கிளை மறித்தார். அவருடைய மீசை இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது.

"சங்கத்தின்ர சீற்றைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டியள் போல கிடக்கு."

"உங்கட பிள்ளையளுக்கு வாற மருந்து அதில இருக்குது, அண்ணை. அதைக் கட்டாந்தரையில வைக்கலாமோ?"

தன்னுடைய பேச்சையே திருப்பிக் கேட்ட வீரகத்தி ஒதுங்கி வழிவிட்டார். ஆனால் அன்றிலிருந்து மிஸி வந்தால் வாழைக்குலை பார்க்கப் போய்விடுவார்.

சீற் மாற்றிய பதினேழாம் நாள் காலை, நாகேஸ்வரியின் புருசன் பாலன் வியர்வையில் குளித்தபடி மிஸியின் வாசலில் சைக்கிளோடு விழுந்தான். "தண்ணி உடைஞ்சிட்டுது, மிஸி." அவன் எழும்பவில்லை. பத்மாசனி மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டு இருபது.

அன்றைய ஓட்டத்தைப் பற்றிச் செட்டிகுளத்தில் பல கதைகள் உண்டு. மடு போன ரயில் அவரைப் பார்த்து வெட்கப்பட்டது என்பது அவற்றில் அடக்கமானது. மணலிலும் இறங்கவில்லை, வேரிலும் எழும்பவில்லை. கருவாட்டுச் சீற் அவரை அசையாமல் தாங்கிக்கொண்டது. கால்கள் தங்கள் வேலையைப் பார்த்தன. நாகேஸ்வரியின் கட்டிலருகே பையைத் திறந்தபோது ஒன்பது பன்னிரண்டு.

எட்டு நிமிசம் மிச்சம். அதில் ஒன்றும் வீணாகவில்லை. பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. பத்மாசனியின் விரல்கள் கேட்டபடி வேலை செய்தன. இரண்டரை மணித்தியாலம் சைக்கிள் உருட்டிய கையாக இருந்திருந்தால் மரத்திருக்கும். முதற் சுற்றை விரலால் தளர்த்தித் தலைக்கு மேலால் எடுத்தார். பிறகு இரண்டாவதையும். நீலமாக வந்த பெண்பிள்ளை, முதுகைத் தேய்த்ததும் சிவந்து, குளக்கட்டு உடைந்தது போலக் கத்தியது.

பத்மாசனி நாகேஸ்வரியின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒழுங்காக ஓடியது.

வீரகத்தி வெளியே மிஸியின் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேத்தியைப் பார்த்துவிட்டு வந்த கண், அழுது முடிந்திருந்தது. பிறகு வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மிஸி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அந்தச் சிவப்புச் சீற்றில நான் ரண்டு வாங்கினனான். முதல் வாங்கினது என்ர சைக்கிளில கிடக்கு. மூண்டு மாசமா நிண்டுகொண்டுதான் ஓடுறன்."

"பிறகேன் எனக்குத் தந்தனியள்?"

"என்ர உடம்பிலதான் பிழையாக்கும் எண்டு நினைச்சன்."

சொன்னவர் அனுமதி கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, பொம்பிளைச் சைக்கிளில் ஏறி, கருவாட்டுச் சீற்றில் நிறைவோடு இருந்து, களத்துமேட்டைச் சுற்றி மிதித்தார். நாற்பது குடும்பமும் பார்த்துக்கொண்டு நின்றது. அரைச் சுற்றுப் போனதும் முகம் கோணியது. முக்கால் சுற்றில் எழும்பி நின்றார்.

பத்மாசனி பிள்ளையைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தார்.

"அது எனக்கு அளந்ததண்ணை," என்றார். "உங்கட எலும்பு எங்க இருக்குதெண்டு ஆசியா உம்மாவைத்தான் கேக்க வேணும்."