கழுவாத சுருள்

"பத்தொம்பது வருஷமாச்சு. இன்னும் தாங்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஃபிலிம் சுருளை மேசையில் வைத்தாள் தகிய்யா. பெண்களுக்காகப் பெண்ணே நடத்தும் படக்கடை. அந்த அரபு நாட்டுச் சனா நகரில் இப்போதுதான் வந்திருந்தது. கடைக்காரி இல்ஹாம் சுருளைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"கெட்டுப்போறதெல்லாம் சூட்டுலதாம்மா. எங்க வெச்சிருந்தீங்க?"

"தண்ணி ஜாடி மாடத்துல. எங்க வீட்டுல அதைவிடக் குளுகுளுன்னு ஒரு இடம் கிடையாது."

"அப்ப கொஞ்சம் மங்கியிருக்கும். முகம் வந்துடும்."

முகம் வந்தால் போதும். தகிய்யாவுக்கு வேறென்ன வேண்டும்! மகள் நஜீபாவின் கல்யாணத்தன்று பெண்கள் கூடத்தில் ஒரு பெண் எடுத்த படங்கள் அவை. மறு வருஷம் பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போனது. அவளுக்கு வேறு படமே கிடையாது. தகிய்யாவுக்கு இப்போதெல்லாம் அவள் மூக்கு நினைவிருக்கிறது, வாய் நினைவுக்கு வருவதில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது?

கல்யாணத்தன்றே கூடத்து வாசலில் நின்று அந்தச் சுருளைப் பிடுங்கிக்கொண்டவன் தகிய்யாவின் புருஷன் முக்பில். "எவனோ ஒரு ஸ்டூடியோக்காரன் என் பொண்ணு முகத்தைக் கழுவிப் பாக்கணுமா? இதுல ஆம்பளை கை பட்டுச்சுன்னா அன்னிக்கே உனக்குத் தலாக்!" என்று ஊரறியக் கத்தினான். அங்கே அது வெறும் கோபப் பேச்சு இல்லை. சொன்னபடி நடந்துவிட்டால் பெண்டாட்டி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நஜீபா இறந்த நாற்பதாம் நாள் அவனே சுருளைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "உன் மகளை நீயே வெச்சுக்க" என்றான். பைத்தியக்காரி, அதை இரக்கம் என்று நம்பி அவன் கையை முத்தமிட்டாள்.

இன்று காலை, கழுவப்போவது ஒரு பெண், அதனால் சத்தியம் முறியாது என்று அவள் பயந்து பயந்து சொன்னபோது, முக்பில் சிரித்தான். "தாராளமாப் போயிட்டு வா" என்றான்.

இல்ஹாம் கழுவிய சுருளின் ஈரம் சொட்டும் நாடாவோடு கடையின் இருட்டறையிலிருந்து வெளியே வந்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

"சூட்டுல கெட்டிருந்தா நிழலாவது தெரியும்மா. ஓரத்துல கம்பெனிக்காரன் போட்ட நம்பர் கூட இதுல தெரியல. அடி முதல் நுனி வரைக்கும் ஒரே கறுப்பு. யாரோ முழுசா வெளிய இழுத்து வெளிச்சத்துல காட்டிட்டு, திரும்பச் சுருட்டி வெச்சிருக்காங்க."

கேட்டவள் அழவில்லை. பதினெட்டு வருஷம் தினமும் அந்த மாடத்தில் கைவிட்டு, சுருளை எடுத்து முத்தமிட்டதையெல்லாம் முக்பில் காத் என்ற போதை இலையை மென்றுகொண்டே பார்த்திருக்கிறான். படுபாவி.

வீட்டுக்கு வந்தபோது மத்தியான வெயில். முழங்கால் முடங்கிய முக்பில் மெத்தையில் சாய்ந்து, கன்னம் புடைக்கக் காத் இலையை அதக்கியிருந்தான்.

"என்ன தகிய்யா, கெட்டுப்போச்சா? நான்தான் நெனச்சேனே. அவ்வளவு நாள் தாங்குமா?"

"எல்லாம் வந்துடுச்சு. முப்பத்தாறு படமும்."

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. "எப்படி வரும்?"

"ஏன் வராது?"

அவன் இலையை மறு கன்னத்துக்குத் தள்ளினான். பொய் என்று சொல்ல வேண்டுமானால் தான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

"கடைக்காரிக்கு நம்ம நஜீபா முகம் ரொம்பப் புடிச்சுப்போச்சு. பெரிசு பண்ணி வாசல்ல மாட்டப்போறாளாம். போற வர்ற ஆம்பளைங்கல்லாம் பாக்கட்டுமே."

"தகிய்யா... நீ பொய்..."

"சொல்லுங்க. பொய்னு எப்படித் தெரியும்?"

அவன் கை ஊன்றுகோலைத் தேடித் துழாவியது. தகிய்யா அதை எடுத்துச் சுவர் மூலையில் சாத்திவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"முதல் படத்துல அவ வாசலைப் பாத்து நிக்கறா" என்று ஆரம்பித்தாள். பச்சை எச்சில் அவன் தாடியில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. "இருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? இன்னும் முப்பத்தஞ்சு இருக்கு."