கண் பட்ட ராஸ்பெர்ரி

அன்னக்கொடிக்கு நெஞ்சு திக்கென்றது. நேற்றுவரை பச்சையாக, கெட்டியாக இருந்த காய்களெல்லாம் விடிந்து பார்த்தால் மஞ்சளாக வெளுத்து நின்றன. ஒன்றைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், காம்பை விட்டுக் கையோடு வந்துவிட்டது. உள்ளே வெறும் பொள்ளல், புழு குடைந்ததுபோல.

"அய்யோ, வெம்பிப் போச்சே!" என்று தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திருமங்கலத்து வெயிலில் ராஸ்பெர்ரி வளர்ப்பதென்றால் சும்மாவா? பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சத்யப்ரியா வாங்கிவந்த செடி. கொல்லையில் வேப்பமர நிழலில் வைத்து, பச்சை வலை கட்டி, சித்திரையில் ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினாள். மார்கழிக் குளிரில் பூத்து, தையில் காய்த்தது. மகள் தந்த ஜாம் பாட்டிலில் ரத்தச் சிவப்பில் பழப்படம் போட்டிருந்தது. அந்தச் சிவப்புக்குத்தான் காத்திருந்தாள். மகளுக்கு இது ஏழாம் மாதம். அடுத்த வாரம் வளைகாப்புக்கு வரும்போது, பிள்ளைத்தாய்ச்சி தன் கையால் பறித்துத் தின்ன வேண்டும் என்பது அன்னக்கொடியின் ஆசை.

யார் கண் பட்டது? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முந்தாநாள் பக்கத்து வீட்டு நாத்தனார் தமிழ்ச்செல்வி வந்து, "எம்புட்டுக் காயி மதினி!" என்று சுட்டுவிரலை நீட்டி நீட்டிக் காட்டினாளே! பிஞ்சைக் காட்டினால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!

நாத்தனார் வாசலில் காலடி மண்ணைக் கிள்ளிவந்தாள் அன்னக்கொடி. உப்பும் மிளகாய் வத்தலும் சேர்த்துச் செடியைச் சுற்றி, கொல்லை அடுப்பில் போட்டாள். வத்தல் வெடித்தது, துளி நெடி இல்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு உறுதி. நெடியையெல்லாம் காற்று சுவருக்கு அந்தப் பக்கம் அள்ளிக்கொண்டு போனது அன்னக்கொடிக்கு எங்கே உறைத்தது!

தமிழ்ச்செல்வி கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே வந்தாள்.

"யாருக்கு மதினி சுத்திப் போடுறீக? பிரியாவுக்கு ஏதும் முடியலையா?"

"உன் கண்ணுக்குத்தான்டி சுத்திப் போடுறேன். உன் கண்ணு பட்டா எதுதான் தங்கும்? உன் வயித்துலயே ஒண்ணும் தங்கலையே!"

சொன்னவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. உண்டானதெல்லாம் தங்காமலே போனவள் தமிழ்ச்செல்வி. சத்யப்ரியாவை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவளும் அவள்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் மகள் வீடியோ காலில் வந்தாள். அன்னக்கொடி மூக்கைச் சிந்திக்கொண்டே வெம்பலைக் காட்டினாள்.

"அம்மா, பழுத்திருச்சும்மா!" என்று மகள் கத்தினாள். "இது தங்க நிறத்து ரகம், பழமே மஞ்சத்தான். பழுத்தா இப்படித்தான் பொள்ளலாக் கழண்டு வரும். சொன்னேன்ல?"

"சொல்லலையேடி..."

ஒன்றை வாயில் போட்டாள். தேனாக இருந்தது. காலையில் தமிழ்ச்செல்வியிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. என்ன வார்த்தை சொல்லிவிட்டோம்!

கிண்ணம் நிறையப் பறித்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள்.

"தமிழு, புத்திகெட்டுப்போயிச் சொல்லிட்டேன்டி. எதுவும் கெடல, பழுத்துத்தான் இருக்கு. இந்தா பாரு!"

தமிழ்ச்செல்வி சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். கோபப்பட்டிருந்தால் அன்னக்கொடி காலில் விழுந்திருப்பாள். கோபமே இல்லை. பயந்துபோயிருந்தாள்.

"எங்கிட்டக் காட்டாதீக மதினி. மறைச்சு எடுத்துட்டுப் போயிருங்க."

"பழந்தான்டி! உன் கண்ணு ஒண்ணும் பண்ணல!"

"பழத்தை விடுங்க. வளைகாப்புக்கு நான் வரல. அத்தை ஊருக்குப் போயிருக்கான்னு பிரியாகிட்டச் சொல்லிருங்க. வயித்துப்பிள்ளைக்காரி... அவளைப் பாக்காம எப்படியாச்சும் இருந்துக்கிறேன்."

அன்னக்கொடி கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்து இழுத்தாள். கைகள் விலகின. தமிழ்ச்செல்வி கண்களை மட்டும் திறக்கவே இல்லை.