குஞ்சம்மாள், கணவர் பெயர் பாவாடை

முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லா வாசலிலும் கும்பிடுவார்கள். பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்துக்கூடக் கும்பிட்டுவிட்டுப் போன வேட்பாளர் ஒருவர் உண்டு. ஆனால் பச்சைக் கதவு வீட்டை நெருங்கியதும் கூட வருகிற உள்ளூர் ஆள், "அண்ணே, இது பிரெஞ்சு வீடு. இங்க ஓட்டு கெடையாது" என்பான். கூப்பிய கை சட்டென்று இறங்கிவிடும். அடுத்த வாசலில் மறுபடியும் ஏறும். கதவிடுக்கில் நின்று ஒவ்வொரு தேர்தலிலும் இதைப் பார்த்தவள் அந்த வீட்டு அம்மாள். பூட்டின வீட்டுக்குக் கிடைக்கிற கும்பிடு உள்ளே உயிரோடு நிற்கிற தனக்கு இல்லையா என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

தெருவில் அவளுக்குப் பெயர் மதாம். கீரைக்காரி முதல் தபால்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அப்படிப்பட்டவரைச் சொல்தா என்பார்கள். சொல்தாவின் பெண்சாதி மதாம். வேறு பெயர் ஒன்று அவளுக்கு இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அவர் பெயர் மிஸ்யே பவதே; மிஸ்யே என்றால் பிரெஞ்சில் ஐயா. இந்தப் பெயர் வந்த கதை ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா கொளஞ்சி, மில்லில் வேலை பார்த்தவர், குலசாமிக்கு வேண்டிக்கொண்டு மகனுக்குப் பாவாடை என்று பெயர் வைத்தார். ராணுவத்தில் சேர்ந்த அன்று காகிதத்தில் பிரெஞ்சு எழுத்தில் இருந்த அந்தப் பெயரைப் பார்த்த அதிகாரி, தன் பாஷை வழக்கப்படி "பவதே" என்று வாசித்தார். அதைக் கேட்ட பாவாடைக்கு வாயெல்லாம் பல். ஓய்வு பெற்றுத் திரும்பியபோது பாவாடையை எந்தத் தேசத்திலோ இறக்கிவிட்டு, பவதேயாக மட்டும் வந்து சேர்ந்தார். சொந்த ஊரான தவளக்குப்பம் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இங்கே வந்து வீடு வாங்கியதற்குக் காரணமும் அதுதான். அங்கே போனால் "டேய் பாவாடை" என்று கூப்பிட இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

அறுபத்திரண்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்போது ராணுவத்தில் வெளிதேசத்தில் இருந்த அவர் அங்கேயே போட்டுவிட்டார். ஊரில் இருந்த இவளையும் போய்ப் போடச் சொல்லிக் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்டவர்களையெல்லாம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதைக் கேட்டு, இவள் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. கடற்கரை ஊரில் பிறந்து கடலுக்குப் பயந்தவள்! கெடு தாண்டிப் போயிற்று.

இதை வெளியே சொன்னால் மிஸ்யே பவதேயின் மதிப்பு என்ன ஆவது? "நாங்க ரெண்டு பேருமே பிரெஞ்சு" என்று தெருவில் சொல்லி வைத்தார். தெரு நம்பியது. புருஷன் கையெழுத்தில் பெண்சாதியும் அடக்கம் என்று அவர் சொல்லச் சொல்ல, இவளும் நம்பிவிட்டாள். எண்பத்தொன்றில் பிரான்சு ஜனாதிபதி தேர்தலுக்கு இங்கே கான்சுல் ஆபீசிலேயே ஓட்டுப் போடலாம் என்று வந்தபோதுதான் முதல் சந்தேகம் தட்டியது.

கோட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டே, "நானும் வரட்டா?" என்றாள்.

"உனக்கு அங்க ஓட்டு கெடையாது."

"அப்ப இங்க?"

"இங்கயும் கெடையாது. நாம பிரெஞ்சு."

"ரெண்டு எடத்துலயும் இல்லன்னா நான் எந்த ஊரு?"

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதில் தெரியாதபோது தொப்பி மாட்டிக்கொள்வது அவருடைய பழக்கம்.

பதில் வீடு தேடி வந்தது. மூன்று வருஷம் கழித்து, வாக்காளர் பட்டியல் எழுத ஆனந்தமேரி டீச்சர் தெருவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டார் வழக்கம்போல, "அது பிரெஞ்சு வீடும்மா, தாண்டிப் போங்க" என்றார்கள். டீச்சர் பிடிவாதக்காரி. கதவைத் தட்டினாள்.

"அறுபத்திரண்டுல நீங்க கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

"அவரு போட்டாரு."

"அவரை உடுங்க. நீங்க?"

"நான் போவலையே. கப்பலுக்குப் பயந்துனு ஊட்லயே இருந்துட்டேன்."

டீச்சர் சிரித்துவிட்டாள். "அப்ப நீங்க இந்தியாதாம்மா. அவங்கவங்க கையெழுத்து அவங்கவங்களுக்குத்தான். உங்க பேரைச் சொல்லுங்க."

குஞ்சம்மாள் என்று தன் பெயரைச் சொன்னபோது அவளுக்கே அது யாரோ தூரத்து உறவுக்காரியின் பெயர்போல இருந்தது. புருஷன் பெயரைக் கேட்டாள் டீச்சர். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் குஞ்சம்மாளுக்கு இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுத்த வீட்டுக் கொடியில் சின்னப் பெண்ணின் பாவாடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கையால் காட்டினாள்.

"கொடியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"ஓ, பாவாடையா!" என்று எழுதிக்கொண்டாள் டீச்சர்.

இப்படியாக, குஞ்சம்மாள், கணவர் பெயர் பாவாடை, பட்டியலில் ஏறினாள். அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை.

எண்பத்தைந்து மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அன்று காலையில் குளித்து, மஞ்சள் கரை போட்ட புடவை கட்டி, "கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, டீச்சர் வரிசை எண் எழுதிக் கொடுத்திருந்த சீட்டோடு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி வரிசையில் போய் நின்றாள். கல்யாணத்தன்றுகூட அவளுக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

உள்ளே போனதும் எழுத்தர், "குஞ்சம்மாள், கணவர் பெயர் பாவாடை" என்று உரக்க வாசித்தார். பெஞ்சில் கட்சி ஏஜென்டாக உட்கார்ந்திருந்த சைக்கிள் கடை தேவதாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"சார், நிறுத்துங்க. இவங்க குஞ்சம்மா இல்ல. இவங்க மதாம்."

தேவதாசைக் கெட்டவன் என்று நினைத்துவிடக் கூடாது. போன தேர்தலில் அவன் அம்மா ஆயம்மா ஓட்டுப் போட வந்தபோது, அவள் பேரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அம்மாள் அழுதுகொண்டே வீடு திரும்பியதை அவன் மறக்கவில்லை. இந்தத் தடவை ஒரு கள்ள ஓட்டுகூட விழக்கூடாது என்று சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணுக்கு, யாரோ ஒரு குஞ்சம்மாளின் சீட்டோடு ஒரு பிரெஞ்சுக்காரி வந்து நின்றாள்.

வாக்குச்சாவடி அதிகாரி நாராயணசாமி காரைக்காலிலிருந்து வந்தவர். கையேட்டில் உள்ளபடி நடக்கிறவர். "பேரு லிஸ்ட்ல இருக்கு. எந்த நாட்டுப் பிரஜைன்னு நான் இங்க விசாரிக்க முடியாது. அந்தப் பேருக்குரிய ஆள் இவங்கதானான்னு மட்டும் பாக்கலாம். ஏம்மா, உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

வரிசையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "மதாமைத் தெரியாதா? எத்தினி வருஷமா பாக்கறோம்!" என்றார்கள்.

"சரி. இவங்க பேரு என்ன?"

"மதாம்."

"அது சரிம்மா. பேரு?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தினமும் இவளிடம் கறிவேப்பிலை வாங்கிப் போகிற தனக்கொடி, "பேரு… மதாம்தான் சார்" என்றாள், குரல் தேய்ந்து. குஞ்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரில் ஒருத்திக்குக்கூடத் தன் பெயர் தெரியவில்லையே!

"கணவர் பேரைச் சொல்லுங்கம்மா."

கொடியில்லை, துணியில்லை, கைகாட்ட ஒன்றுமில்லை. குஞ்சம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததைச் சொன்னாள்.

"பாவாடை."

தேவதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "பாத்தீங்களா சார்? இவங்க ஊட்டுக்காரரு மிஸ்யே பவதே. பாவாடைன்னு எங்க தெருவுல யாருமே கெடையாது. மதாம், வேற யாரு சீட்டோ மாறி எடுத்துனு வந்துட்டீங்க. ஊட்டுக்குப் போங்க."

அதிகாரி யோசித்தார். "நீங்க உள்ளூர்ல யாரையாவது கூட்டினு வாங்கம்மா. இந்தப் பேருக்கு சாட்சி சொல்ற ஆளு ஒருத்தர் வந்தாப் போதும். சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்கு."

ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரோ வீட்டில் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, பிரெஞ்சுப் பத்திரிகையை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். குஞ்சம்மாள் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவருக்கு முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டுனு போன? நான் அங்க வந்து பாவாடைன்னு சொல்லணுமா? அத்தினி பேரு எதிர்ல? தெரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"இத்தினி வருஷமா நாம பிரெஞ்சுன்னு சொல்லிட்டு…"

"நாம இல்ல. நீங்க." அவள் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். "நீங்க கான்சுலுக்குப் போவசொல்ல கோட்டுக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தவ நானு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினேன். எனக்கு ஓட்டு இருக்குதுன்னு ஒரு டீச்சர் வந்து சொல்ற வரைக்கும் எனக்கே தெரியல. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சினே சொல்லல. எனக்கு அதுதான் வலிக்குது."

அவர் பத்திரிகையைப் பிரித்தார். அவர் கை தொப்பி மாட்டியிருந்த ஆணியை நோக்கிப் போனது. குஞ்சம்மாள் அதற்குமேல் நிற்காமல் திரும்பி நடந்தாள். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் வீட்டில் இருக்க மனசு ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். வரிசை கரைந்துகொண்டே வந்தது. துரத்தினால் ஒழிய எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தெருமுனையில் சலசலப்புக் கேட்டது. கோட்டில்லை, தொப்பியில்லை. வேட்டி சட்டையோடு அவர் வந்துகொண்டிருந்தார். தெரு அவரை அந்தக் கோலத்தில் பார்த்ததே கிடையாது. அவளைக் கடந்து நேராக உள்ளே போனார். அவளும் எழுந்து பின்னாலேயே ஓடினாள்.

"உங்க பேரு?" என்றார் அதிகாரி.

அவர் தேவதாசைப் பார்த்தார். வரிசையில் மிச்சமிருந்தவர்களைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாவாடை. அப்பா பேரு கொளஞ்சி. ஊரு தவளக்குப்பம்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் விடவில்லை. ராணுவத்தில் பதில் சொல்கிற மாதிரி விறைத்து நின்றார்.

"இவ என் சம்சாரம். பேரு குஞ்சம்மா. நான்தான் பிரெஞ்சு. இவ கையெழுத்துப் போடல. போட்டான்னு தெருவுல நான் சொன்னது பொய்."

பிரஜாவுரிமை விவரமெல்லாம் இங்கே கேட்கவில்லை என்று சொல்ல அதிகாரி வாயெடுத்தார், பிறகு சொல்லாமல் விட்டுவிட்டார். குஞ்சம்மாள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை இதுவரை 'ஏய்' என்றும் 'இந்தா' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். அவர் வாயிலிருந்து தன் பெயர் வந்ததை இன்றுதான் கேட்டாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது, சந்தோஷ அழுகை.

தேவதாஸ் எழுந்து நின்றான். "சரி சார். ஆளு இவங்கதான். நான் வாபஸ் வாங்கிக்கறேன்." பிறகு அவளிடம், "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. எங்கம்மா ஓட்டு போன மாதிரி இன்னொருத்தரது போவக்கூடாதுன்னுதான்…" என்று தடுமாறினான்.

"நீ செஞ்சது சரிதாம்பா" என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள்.

விரலில் மை வைத்தார்கள். வாக்குச்சீட்டோடு அட்டை மறைப்புக்குள் போனாள். எத்தனை சின்னங்கள்! யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. நிதானமாக, ஒன்றைத் தேர்ந்து, ஒரே குத்து. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பாவாடையைச் சுற்றி நாலு பேர் நின்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவரும் முறைத்துப் பார்த்துத் தோற்றுப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பச்சைக் கதவு தட்டப்பட்டது. பின்தெருவிலிருக்கும் இன்னொரு சொல்தாவின் பெண்சாதி நின்றாள். குஞ்சம்மாளின் மை வைத்த விரலையே உற்றுப் பார்த்தாள்.

"மதாம், கேள்விப்பட்டேன். என் ஊட்டுக்காரரும் அவரு மட்டுந்தான் கையெழுத்துப் போட்டாரு. அப்ப எனக்குக் கைக்கொழந்த, நான் போவல. எனக்கும் ஓட்டு இருக்குமா?"

"இருக்கும். உள்ள வா. டீச்சர் ஊடு எனக்குத் தெரியும், ரெண்டு பேருமா போவலாம்" என்று சொன்ன குஞ்சம்மாள் சட்டென்று நிறுத்தினாள். தண்ணீர்க் குழாயடியில், கடையில், கோயிலில் எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பேசுகிற முகம். தானும் இவளை இத்தனை நாளும் மதாம் என்றுதானே கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"மொதல்ல உன் பேரு இன்னா, சொல்லு."

வந்தவள் கொஞ்சம் திகைத்தாள். யோசித்து எடுப்பவள்போல நின்றாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"கன்னியம்மா" என்றாள்.